எட்டு நிமிடத்திற்கு ஒருமுறை திரும்பி வரும் பிழை



கடந்த லெந்து காலம் முழுவதும் நமது சபை மண்டபத்தின் மொட்டைமாடியில் இரவு ஒன்பது மணிக்குமேல் இருவர் இருட்டில் நின்றுகொண்டிருந்ததை உங்களில் சிலர் அறிவீர்கள். ஒருவன் நான். மற்றவர் நம்முடைய வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒரு தம்பி. அவருடைய தகப்பனார் ரப்பர் பால் வெட்டுகிறவர். தம்பி மார்த்தாண்டத்தில் ஒரு கலியாண ஸ்டுடியோவில் வேலை செய்கிறார். "ஐயரும் அந்தப் பையனும் மாடியில் என்ன செய்கிறார்கள்?" என்று ஒரு மூப்பர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். கேள்வி நியாயமானது. பதிலை இவ்வாரம் எழுதிவிடுகிறேன்.

தம்பி சேமித்த பணத்தில் ஒரு தொலைநோக்கியையும், அதைத் தாங்கிச் சுழற்றும் மோட்டார் வைத்த மவுண்ட்டையும் பழையதாக வாங்கியிருந்தார். கண்ணால் பார்க்கும்போது எல்லாம் நன்றாகவே இருந்தது. ஸ்டுடியோ முதலாளியிடம் இரவுக்கு மட்டும் இரவல் வாங்கிய கேமராவைப் பொருத்திப் படம் எடுத்தால், நட்சத்திரங்கள் புள்ளிகளாக விழாமல் அரிசிபோல் நீண்டு விழுந்தன. இரண்டு மாதம் போராடிப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, "ஐயா, இத வித்துப் போடலாமுன்னு நெனைக்கேன்" என்றார். வீட்டிலும் பேச்சு தொடங்கியிருந்தது. அந்தப் பணத்தில் என்னென்ன வாங்கியிருக்கலாம் என்ற கணக்கைத் தகப்பனார் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தாராம். விற்பதற்கு முன் ஒரு மாதம் பொறுக்கும்படி நான் கேட்டுக்கொண்டேன்.

இந்தக் கருவி செய்யவேண்டிய வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பூமி 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுகிறது. ஆகையால் வானம் முழுவதும் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதுபோல் நமக்குத் தோன்றுகிறது. அந்நகர்வுக்கு ஈடாகத் தொலைநோக்கியும் அதே வேகத்தில் சுழலவேண்டும். இதற்காக மவுண்ட்டின் உள்ளே 180 பற்களுள்ள ஒரு பித்தளைச் சக்கரம் இருக்கிறது. அதன் பக்கத்தில் திருகாணிபோல் மரை வெட்டிய ஒரு தண்டு உண்டு. பட்டறைக்காரர்கள் வார்ம் என்பார்கள். வார்ம் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு பல் நகரும். கணக்கிட்டால், வார்ம் ஒருமுறை சுற்ற 479 விநாடி ஆகிறது. எட்டு நிமிடத்துக்கு ஒரு விநாடி குறைவு.

அந்த வார்ம் மயிரிழையளவும் கோணலின்றி இருப்பது அரிது. நடுவில் துளையிடாத கப்பியில் கிணற்றுக் கயிறு எப்படி ஒவ்வொரு சுற்றிலும் சற்றே ஏறி இறங்குமோ, அப்படியே தொலைநோக்கியும் பாதிச் சுற்றில் கொஞ்சம் முந்தும், பாதிச் சுற்றில் கொஞ்சம் பிந்தும். அடுத்த சுற்றில் அதே இடத்தில் அதையே மறுபடியும் செய்யும். இதைத்தான் பீரியாடிக் எரர் என்கிறார்கள். இதன் அளவு மிகச் சிறியது. ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு வில்விநாடி. முழுநிலவின் அகலம் ஏறக்குறைய 1800 வில்விநாடி. எங்கள் கருவியின் பிழை 14 முன்னே, 14 பின்னே. நிலவின் அகலத்தில் அறுபதில் ஒரு பங்கு. கண் இதை மன்னித்துவிடும். கேமரா மன்னிப்பதில்லை.

இதற்கு ஒரு மருந்து கருவியிலேயே உண்டு. பி.இ.சி. என்று பெயர். ஒரு நட்சத்திரத்தை நடுவில் நிறுத்தி, அது விலகும்போதெல்லாம் பொத்தானை அழுத்தித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஒரு சுற்று முழுவதும் நீங்கள் செய்த திருத்தங்களைக் கருவி நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த சுற்றுகளில் தானே செய்யும். கேட்பதற்கு எளிது. நாங்கள் இதில் செய்த தவறுகளைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதல் தவறு என்னுடையது. மவுண்ட்டைக் கையால் அசைத்தபோது சக்கரத்தில் சிறிது ஆட்டம் தெரிந்தது. "இதுதான் காரணம்" என்று நான் தீர்ப்புச் சொன்னேன். இறையியல் கல்லூரியில் கிரேக்க வினைச்சொற்களைக் கற்பித்தார்கள். வார்ம் கியரை ஒருவரும் கற்பிக்கவில்லை. ஆனாலும் போதகர் சொன்னால் தம்பி மறுப்பாரா? ஸ்குரூவை இறுக்கினோம். மோட்டார் முனகியது, பிறகு நின்றுபோயிற்று. பயந்து மறுபடியும் தளர்த்தினோம். உண்மையில் அந்த ஆட்டத்துக்கும் எங்கள் பிழைக்கும் சம்பந்தமில்லை. வானத்தைத் தொடரும்போது சக்கரம் ஒரே திசையில்தான் செல்கிறது. கிழக்குப் பக்கம் சற்று எடை கூடுதலாக இருக்கும்படி எதிர்எடையை நகர்த்தி வைத்தால், பல் எப்போதும் ஒரு பக்கமே சாய்ந்திருக்கும், ஆட்டம் வெளிப்படாது. ஆட்டம் வேறு, திரும்பி வரும் பிழை வேறு. கண்ணில் பட்ட முதல் குறையையே எல்லாவற்றுக்கும் காரணமாக்கிவிட்டேன்.

இரண்டாவது தவறுக்குப் பொறுப்பாளி ஒரு கொசு. தம்பி கண்ணை ஐபீஸில் வைத்து எட்டு நிமிடம் பொத்தானை அழுத்திப் பதிவு செய்துகொண்டிருந்தார். ஐந்தாம் நிமிடத்தில் கழுத்தில் கொசு கடித்தது. விரல் தவறிப் பொத்தானை நீண்ட நேரம் அழுத்திவிட்டது. அதன் பின்பு அந்த இரவு முழுவதும், எட்டு நிமிடத்திற்கு ஒருமுறை, ஐந்தாம் நிமிடத்தில், நட்சத்திரம் துள்ளியது. கருவி அந்தக் கொசுவை உண்மையாய் நினைவில் வைத்திருந்தது.

மூன்றாவது காரியம் நம்முடைய ஊர் சம்பந்தப்பட்டது. இங்கே இக்கருவியை வைத்திருக்கிற எவருக்கும் இது பயன்படும். மவுண்ட்டின் அச்சு வானத்தின் வடதுருவத்தைச் சரியாக நோக்கவேண்டும். துருவ நட்சத்திரம் ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில்தான் நிற்கும். மார்த்தாண்டம் 8 பாகைக்குச் சற்று மேலே உள்ளது. வடக்கே மலை, மலைக்கு முன்னே தென்னை, அதற்கும் முன்னே மேம்பால விளக்குகளின் வெளிச்சம். அந்த நட்சத்திரத்தை நான் இந்த மாடியிலிருந்து ஒருமுறைகூடக் கண்டதில்லை. போதாததற்கு, குளிர்நாடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்ட பல மவுண்ட்களின் அச்சு இவ்வளவு தாழ இறங்குவதுமில்லை. எங்களுடையதும் இறங்கவில்லை. தெற்குப் பக்கக் கால்களுக்கு அடியில் ரப்பர் மரப்பலகை வைத்து முக்காலியையே வடக்கே சாய்த்தோம். அது மட்டமாக நிற்கவேண்டிய அவசியமில்லை. அச்சு சரியான இடத்தை நோக்கினால் போதும். ஜவ்வாது மலையில் காவலூரிலுள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வடதுருவத்தை நோக்கிச் சாய்ந்த அச்சின்மேல்தான் சுழல்கிறது. அங்கே அந்தச் சாய்வு பன்னிரண்டரை பாகை. நம் ஊரில் தாழ்த்த வேண்டிய அளவு அதைவிட நான்கு பாகைக்குமேல் அதிகம்.

துருவ நட்சத்திரம் தெரியாதபோது வேறொரு வழி உண்டு. தெற்கே உச்சிவட்டத்தின் அருகில், வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, அது வடக்கேயோ தெற்கேயோ மெல்ல நழுவுகிறதா என்று பார்த்தால், அச்சு கிழக்கு மேற்கில் எவ்வளவு விலகியிருக்கிறதென்று தெரியும். கிழக்கு அடிவானத்தருகே உள்ள ஒன்றைப் பார்த்தால் உயரத்தின் தவறு தெரியும். ஒரு மணி நேர வேலை. இதைச் செய்யாமல் பி.இ.சி.யை நம்புவது வீண். ஒரே திசையில் போய்க்கொண்டேயிருக்கும் நழுவல் திரும்பி வரும் பிழை அல்லவே. பதிவினால் அது தீராது.

இதன் பின்புதான் தம்பி செய்யவேண்டியதைச் செய்தார். திருத்துவதை நிறுத்திவிட்டுப் பிழையையே படம் எடுத்தார். அச்சை வேண்டுமென்றே சிறிது விலக்கி வைத்து, எந்தத் திருத்தமும் இல்லாமல், அரை நிமிடப் படங்களாக 48 படங்கள் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தார். 24 நிமிடம், மூன்று சுற்று. அச்சு விலகியிருந்ததால் நட்சத்திரம் ஒரு பக்கமாக மெல்ல நழுவியது. வார்மின் கோணலால் குறுக்கே ஏறி இறங்கியது. இரண்டும் சேர்ந்து கணினித் திரையில் ஒரு அலை. மூன்று மேடு, மூன்று பள்ளம். ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 1.2 வில்விநாடி, அலையின் உயரம் 24 புள்ளி. இரண்டு மாதமாக அவரை வருத்திய காரியத்துக்கு அன்றுதான் ஒரு உருவமும் ஒரு எண்ணும் கிடைத்தன. பத்தொன்பதாம் சங்கீதத்தில் வானங்களைப் பாடத் தொடங்கிய தாவீது பாதியில் தன் மறைவான பிழைகளை நோக்கித் திரும்புகிற இடம் எனக்கு நினைவு வந்தது. தம்பிக்கோ ஸ்டுடியோ முதலாளியிடம் கேமராவைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய நேரம் நினைவு வந்தது.

மறுநாள் இரவு, கேமராவின் துணையோடு பதிவு செய்தோம். அலை ஏறக்குறையத் தட்டையாயிற்று. தம்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அரை மணி நேரத்தில் மின்சாரம் நின்றுபோயிற்று.

அடுத்த இரவு பார்த்தால், பிழை 14 அல்ல, 25. எதையும் தொடவில்லை, அதே பதிவுதான் ஓடிக்கொண்டிருந்தது. கருவி பழுதாகிவிட்டது என்று தம்பி தலையில் கை வைத்தார். அதை யோசித்துக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. எங்கள் மவுண்ட்டுக்கு வார்ம் எந்த நிலையில் நிற்கிறதென்று காட்டும் உறுப்பு இல்லை. அணைப்பதற்கு முன் முறையாக அதன் இருப்பிடத்தில் நிறுத்தினால்தான் மறுநாள் இடம் நினைவிருக்கும். மின்சாரம் திடீரென்று நின்றபோது அது தன் இடத்தை மறந்துவிட்டது. திருத்தம் ஒரு எழுத்தும் மாறவில்லை. பாதிச் சுற்று தள்ளித் தொடங்கியிருந்தது, அவ்வளவே. கருவி முந்துகிற வேளையில் "பிந்துகிறாய், விரைந்து போ" என்றும், பிந்துகிற வேளையில் "நில்" என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. பிழையும் திருத்தமும் ஒன்றோடொன்று கூடி ஏறக்குறைய இருமடங்காயின.

அன்றிரவு படுக்கையில் எனக்கு உறக்கம் வரவில்லை. சில வருடங்களுக்கு முன் நம் சேகரத்தில் ஒரு வீட்டில் இளவயது மகனை விபத்தில் இழந்தார்கள். நான் போனேன். அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்னே வேறொரு வீட்டில் அதேபோன்ற துக்கத்தில் நான் பேசிய வார்த்தைகள் அவர்களுக்கு மிகுந்த ஆறுதலாயிருந்தன. அவற்றையே இங்கேயும் பேசினேன். நல்ல வார்த்தைகள்தான். நான் எழுந்தபோது அந்தத் தாயார் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஐயா, நீங்க எங்க வீட்டுக்குத்தான் வந்தீங்களா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. பிறகு மூன்று முறை போய் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நான்காம் முறை அவர்களாகவே மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்கள். இதை அவர்களுடைய அனுமதியோடு எழுதுகிறேன்.

மவுண்ட்டுக்கு வருகிறேன். தம்பி தங்கையிடம் சிவப்பு நகப்பூச்சு வாங்கி, வார்ம் தண்டின் முனையில் ஒரு கோடும், அதற்கு நேரே உடலில் ஒரு கோடும் இட்டார். மின்சாரம் போனாலும் இரண்டு கோடுகளையும் நேராக்கிவிட்டுத் தொடங்கினால் பதிவு தன் இடத்தில் அமரும். எந்தக் கடையிலும் வாங்காத உறுப்பு அது. பிழை மறுபடியும் அடங்கியது.

ஆயினும் ஒன்று மிஞ்சியது. பதிவு செய்த முதல் கால் மணி நேரம் படங்கள் தெளிவாயிருந்தன. ஒரு மணி நேரம் ஆகும்போது கெட்டன. அலையை மறுபடியும் உற்றுப் பார்த்ததில் பெரிய அலையின்மேல் ஒரு சிற்றலை இருந்தது. வார்முக்கு முன்னேயுள்ள சிறிய கியர்களில் ஒன்றின் கோணல் அது. 122 விநாடிக்கு ஒருமுறை வருகிறது. நான்கு முறை வர 488 விநாடி. வார்மின் சுற்றோ 479. ஆகவே சிற்றலை ஒவ்வொரு சுற்றிலும் 9 விநாடி பிந்துகிறது. ஏறக்குறைய ஏழாவது சுற்றில், அதாவது ஒரு மணி நேரத்துக்குள், அதற்காகப் பதிந்த திருத்தம் தலைகீழாய் விழுகிறது. ஒரே சுற்றைப் பார்த்துப் பதிந்ததால் வந்த வினை. தம்பி 14 சுற்றுகளை, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, பொறுமையாய்ப் பதிந்து சராசரி எடுத்தார். சராசரியில் சிற்றலை கரைந்துபோய், உண்மையாகவே திரும்பி வருவது மட்டும் பதிவில் நின்றது. இப்போது மிஞ்சுவது 2 வில்விநாடி அளவு. ஒரு நிமிடப் படங்களில் முன்பு பத்துக்கு இரண்டு தேறின. இப்போது ஏழு தேறுகின்றன.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடவேண்டும். தம்பியின் நண்பர்கள், "இக்காலத்தில் யார் பி.இ.சி. பார்க்கிறார்கள்? ஒரு வழிகாட்டிக் கேமரா வாங்கிப் பொருத்தினால் அது சில விநாடிக்கு ஒருமுறை நட்சத்திரத்தைப் பார்த்துத் தானே திருத்திவிடும்" என்றார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியே. மெல்ல ஏறி இறங்கும் பிழையை அந்தக் கேமரா எளிதில் பிடித்துக்கொள்ளும். தம்பிக்கும் ஒருநாள் அது கிடைக்கட்டும். ஆனால் அது விலகிய பின்பே விலகலைக் காண்கிறது. கியரில் அழுக்குத் துணுக்கு சிக்கித் திடீரென்று குதிக்கிற பிழையை அது பிடிப்பதற்குள் படம் கெட்டிருக்கும். எந்தப் பல்லைத் துடைக்கவேண்டும், எந்தக் கிரீஸ் கெட்டியாயிற்று என்று அது சொல்லாது. தன் கருவியின் அலையை ஒருமுறை வரைந்து பார்த்தவருக்கு அது தெரியும். அந்தப் படத்திற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. ஆகையால் எதையும் வாங்குமுன், எதையும் இறுக்குமுன், குறைந்தது மூன்று சுற்று கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள் என்பதே என் வாதம். ஸ்குரூவை இறுக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். நம் ஊரில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. தினமும் பெட்டியைத் திறந்து பார்க்கிறவன் வீட்டில் தேன் நிற்பதில்லை.

மூப்பரின் கேள்விக்கு இன்னும் ஒரு பதில். இது போதகருக்குரிய வேலையா என்றால், பாண்டிச்சேரியில் இருந்த ழான் ரிஷோ என்ற இயேசு சபைக் குரு 1689 டிசம்பரில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், ஆல்ஃபா சென்டாரி என்னும் நட்சத்திரம் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார். அவரிடம் மோட்டார் இல்லை. நகரும் நட்சத்திரத்தைக் கையாலேயே தொடர்ந்திருப்பார். இருநூறு வருடங்களுக்குப் பின் அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் பால்வழியைப் படம் எடுத்த பார்னார்ட், இயந்திரம் இருந்தும் அதை முழுவதும் நம்பாமல், மணிக்கணக்கில் கண்ணை எடுக்காமல் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்திருந்தார். எங்களுக்கு எட்டு நிமிடத்திலேயே கொசு பொறுக்கவில்லை.

அதே ஆல்ஃபா சென்டாரி மே, ஜூன் மாத இரவுகளில் நம் மாடியிலிருந்து தெற்கே, அடிவானத்துக்கு 21 பாகை உயரத்தில் நன்றாய்த் தெரியும். விற்கும் பேச்சு இப்போது இல்லை. போன வாரம் தம்பியின் தகப்பனார் தாமே மாடிக்கு வந்தார். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர். இருட்டு அவருக்குப் பழக்கம். சிவப்புக் கோடுகளைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது அழிஞ்சு போகும், மக்கா. ஊசியால கீறி வை" என்றார். கீறியாயிற்று.

அடுத்த அமாவாசையை ஒட்டிவரும் சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு, மழையில்லாவிட்டால், விருப்பமுள்ளவர்கள் மாடிக்கு வாருங்கள். பிள்ளைகளை அழைத்து வரலாம். படம் எடுக்கும்போது மட்டும் மாடியில் நடக்காதிருக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு காலடி பட்டாலும் கருவி அதிர்கிறது. சபை வாசலிலுள்ள பெரிய விளக்கை அந்த இரண்டு மணி நேரம் அணைத்து வைக்க மூப்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

உங்கள் அன்பின் போதகர்